ராவு படுத்த பிறகு ஒண்டும் தின்னாத உம்மாக்கு விடியக்காலம் சீனி எங்கால கூடுது?

தம்பி, நீங்க எழுதினத ரெண்டு தரம் வாசிச்சன். சம்மாந்துறையில உங்கட உம்மா, வயசு 61, சீனி வருத்தம் வந்து ஒன்பது வருஷம், கிளினிக்ல மெட்போமின் குளிசை குடுக்கிறாங்க. நீங்க கத்தார்ல, தங்கச்சிதான் பக்கத்தில இருந்து பாக்கிறா. ராவைக்கு எட்டு மணி போல ரெண்டு மூண்டு இடியப்பம் தின்னுட்டு, படுக்கப் போகக்குள்ள குத்திப் பாத்தா சீனி 131 (ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில எத்தின மில்லிகிராம் எண்ட கணக்கு). விடிய சுபஹு தொழுதுட்டு வாயில ஒண்டும் வைக்காமப் பாத்தா 168. பிளேன்டிக்குக்கூட சீனி போடுறல்ல. தங்கச்சிக்கு சந்தேகம், உம்மா நடுச்சாமத்தில எழும்பி களவாத் தின்றா எண்டு. உம்மா சத்தியம் பண்ணி அழுறா. நீங்க கேட்டது "சோத்த உட்டுட்டு குரக்கனுக்கு மாத்தினா இது குறையுமா" எண்டு. ஆனா அதுக்கு அடியில கிடக்கிற கேள்வி, உம்மா சொல்றது உண்மையா எண்டதுதான். அதனால அத முதல்ல சொல்லிடுறன். ராவு முழுக்க ஒரு பருக்கையும் உள்ள போகாமலே 131, 168 ஆகும். இந்த ரெண்டு நம்பர மட்டும் வெச்சி ஒருத்தரையும் கள்ளராக்க ஏலாது.

நான் டொக்டர் இல்ல. மட்டக்களப்புப் பக்கம் ஆசுபத்திரி லேப்ல 27 வருஷம் இரத்தம் எடுத்து சோதிச்ச ஆள். அதனால மருந்தக் கூட்டுறது குறைக்கிறது பத்தி ஒரு சொல்லும் சொல்ல மாட்டன், அது உம்மாவப் பாக்கிற டொக்டர்ட வேல. ஆனா அந்த நம்பர் எங்கால வருது, உள்ளுக்கு என்ன நடக்குது எண்டது நான் படிச்சதும் நாளாந்தம் கையில பிடிச்சதும்.

இத எழுதோணும் எண்டு நினைச்சதுக்கு ஒரு காரணம் இரிக்கு. படுவான்கரையில இருந்து ஒரு அம்மா மாசா மாசம் வருவா. விடியக்காலம் முதல் பாதையில (வாவியக் கடக்கிற மிதவையில) ஏறி அம்பிளாந்துறையில இருந்து குருக்கள்மடம் வந்து, அங்கால பஸ் பிடிச்சி ஏழு மணிக்கெல்லாம் எங்கட லேப் வாசல்ல நிப்பா. வெறும் வயிறு. ஒரு மாசம் ரிப்போட்ட வாங்கிக்கிட்டுப் போனவ திரும்பி வந்து வாங்கில்ல இருந்து அழுதா. "தின்னுட்டு வந்து தின்னல்ல எண்டு பொய் சொல்றியா எண்டு எல்லாருக்கும் முன்னால கேட்டுட்டாங்க புள்ள" எண்டா. உதடு காஞ்சி வெடிச்சிக் கிடந்திச்சி. அந்த மனிசி முதல் நாள் ராவு ஏழு மணிக்குப் பிறகு தண்ணியத் தவிர ஒண்டும் குடிக்கல்ல எண்டத நான் அந்த உதட்டப் பாத்தே நம்பினன். அண்டைக்கு அவவுக்கு நான் சொன்னதத்தான் இப்ப உங்களுக்கும் கொஞ்சம் நீட்டிச் சொல்லப் போறன்.

முதல்ல சோறெண்டா என்ன எண்டு பாப்பம். இரத்தத்தில நாங்க அளக்கிற சீனிக்குப் பேர் குளுக்கோஸ். ஆறு காபன் அணு, அதில அஞ்சும் ஒரு ஒட்சிசனும் கைகோத்து வளையமா இரிக்கும், ஆறாவது காபன் வெளியால நீட்டிக்கொண்டு நிக்கும். ஜேர்மன்காரர் எமில் பிஷர் 1891ல அந்த அணுக்கள் எந்தப் பக்கம் பாத்து நிக்குது எண்டத கண்டுபிடிச்சார், இப்ப இரிக்கிற எந்த மெஷினும் அப்ப இல்ல, 1902ல நோபல் பரிசும் கிடைச்சிச்சி. இந்த வளையம் ஒண்டு ரெண்டா இருந்தா இனிக்கும். ஆயிரக்கணக்கில மால மாதிரிக் கோத்தா இனிக்காது, அதுதான் மாப்பொருள். அரிசி, பாண், மரவள்ளி, வத்தாளங்கிழங்கு, குரக்கன், உழுந்து எல்லாத்திலயும் இரிக்கிறது இதே மாலதான். மாலையிலயும் ரெண்டு வகை, நேரா நீளமாப் போறது அமிலோஸ், மரக்கொப்பு மாதிரி இருவத்தஞ்சு முப்பது வளையத்துக்கு ஒருக்கா கிளை விடுறது அமிலோபெக்ரின். இந்த ரெண்டும் எவ்வளவு எவ்வளவு இரிக்கு எண்டதிலதான் ஒரு அரிசி ஒட்டுமா உதிருமா, சீக்கிரம் கரையுமா மெதுவாக் கரையுமா எண்டதெல்லாம் இரிக்கு, அத பிறகு சொல்றன்.

சோறு சீனிதான் எண்டு நம்பேலாட்டி ஒரு வேல செய்யுங்க. வெறும் சோறு ஒரு வாய் எடுத்து, கறி ஒண்டும் இல்லாம, விழுங்காம ரெண்டு மூண்டு நிமிஷம் மெண்டுகொண்டே இரிங்க. இனிக்கத் தொடங்கும். எச்சில்ல இரிக்கிற அமிலேஸ் எண்ட நொதியம் மாலைய வெட்டி சின்னச் சின்னத் துண்டாக்குது, ரெண்டு வளையம் சேந்த மோல்ட்டோஸ் வரக்குள்ள நாக்கு கண்டுபிடிச்சிடும். கணக்குப் பாத்தா, அவிச்ச சோறு 100 கிராமுக்குள்ள 28 கிராம் அளவு காபோஹைட்ரேட் இரிக்கும். எங்கட ஊர்ல ஒரு மனிசர் மத்தியானம் போடுற சோறு 300 கிராமுக்குக் குறையாது, அப்ப 80 கிராமுக்கு மேல. பிளேன்டிக்கு ரெண்டு கரண்டி சீனி போட்டா 10 கிராம். ஆக்கள் அந்தப் பத்த நிப்பாட்டிட்டு இந்த எண்பதத் தின்னுட்டு "நான் சீனியே தொடுறல்ல" எண்டு சொல்லக்குள்ள அவங்க பொய் சொல்லல்ல, அவங்களுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல்ல, அவ்வளவுதான்.

இதில எனக்கு எத்தின வருஷம் போனாலும் ஆச்சரியம் தீராத விஷயம் ஒண்டு இரிக்கு. வயலுக்குப் பக்கத்தில எரும மேயுற புல்லும் குளுக்கோஸ் மாலதான். அதே வளையம், அதே ஆறு காபன். ஆனா ஒண்டோட ஒண்டு கொளுவுற இடத்தில கொக்கி மத்தப் பக்கம் திரும்பி இரிக்கு. அரிசியில அல்பா கொளுவல், புல்லில பீட்டா கொளுவல். எங்கட வயித்தில அல்பாவ வெட்டுற கத்திதான் இரிக்கு, பீட்டாவ வெட்டுறதுக்கு இல்ல, அதனால புல்லத் திண்டா நாங்க பட்டினி, அந்த செலுலோஸ் நார்ச்சத்தா வெளிய போயிடும். எருமைக்கும் சொந்தமா அந்தக் கத்தி இல்ல, அதுட முதல் இரப்பையில குடியிரிக்கிற நுண்ணுயிர்தான் வெட்டிக் குடுக்குது. அப்ப மட்டக்களப்பு எருமத் தயிர் எண்டு நாங்க சட்டியோட வாங்கிக்கொண்டு போறது, எங்களால தின்னேலாத குளுக்கோஸ எரும எங்களுக்குத் தின்னக்கூடியதா மாத்தித் தாறதுதான். வாவியில பிடிக்கிற இறால்ட ஓடும் இதுட சொந்தக்காரன், கைட்டின் எண்டு பேர், குளுக்கோஸ் வளையத்தில கொஞ்சம் நைதரசன் கொளுவி பீட்டா மாலையாக் கோத்தது. ஒரு கொக்கி திரும்பினதுக்கு ஒண்டு சாப்பாடு, ஒண்டு புல்லு, ஒண்டு ஓடு.

கடைச் சீனி வேற மாதிரி. ஹிங்குரான பக்கம் கரும்பில இருந்து எடுக்கிற சீனி சுக்குரோஸ், ஒரு குளுக்கோஸும் ஒரு பிரக்டோஸும் கைகோத்தது. அதில பாதிதான் உடனே இரத்தத்தில குளுக்கோஸாத் தெரியும். மத்தப் பாதி பிரக்டோஸ், அது பெரும்பாலும் குடல்லயும் ஈரல்லயும் பிடிபட்டு வேற வேலைக்குப் போகுது, கூடினா ஈரல்ல கொழுப்பாச் சேரும். அதனாலதான் சாப்பாடு இரத்தச் சீனிய எவ்வளவு கெதியா ஏத்துது எண்டு அளக்கிற கிளைசீமிக் இண்டெக்ஸ் எண்ட கணக்கில, குளுக்கோஸ் 100 எண்டா வெள்ளப் பாண் 75 அளவில நிக்கும், சீனி 65 அளவில நிக்கும். பாண் சீனிய விடக் கூட. இதுக்காக சீனி நல்லம் எண்டு எடுத்துக்கொள்ள வேணாம், பிரக்டோஸ் ஈரல்ல செய்யிற வேல குத்திப் பாக்கிற மெஷின்ல தெரியாது. பனங்கட்டி, கித்துள் பாணி, தேன் எல்லாம் "இயற்க" எண்டு உம்மாக்கு ஆராவது குடுத்தா, அதுக்குள்ள இரிக்கிறதும் இதே ரெண்டு பேர்தான் எண்டு சொல்லி உடுங்க.

சரி, தின்னாச்சு. இரப்பையில புளிப்புக்குள்ள எச்சில் நொதியம் நிண்டு போயிடும், சின்னக் குடலுக்கு வந்த பிறகு சதையியில (கணையத்தில) இருந்து வாற அமிலேஸ் மிச்சத்த வெட்டும், குடல் சுவர்ல ஒட்டிக்கொண்டிரிக்கிற நொதியங்கள் கடைசி ஒத்த வளையம் வரைக்கும் உடைக்கும். குளுக்கோஸ் குடல் கலத்துக்குள்ள தனியப் போறதில்ல, உப்பில இரிக்கிற சோடியத்தோட கை பிடிச்சித்தான் உள்ள போகும், தண்ணி பின்னால வரும். வயித்தால போனா ஜீவனி கரைச்சிக் குடுக்கிறமே, அதில உப்பும் குளுக்கோஸும் சேந்து இரிக்கிறது இதுக்குத்தான். 1971ல பங்களாதேஷ் அகதி முகாம்கள்ல கொலரா வந்தப்ப இந்தக் கரைசல்தான் எத்தினையோ உயிரக் காப்பாத்தினது. குடல்ல இருந்து போற இரத்தம் நேரா இருதயத்துக்குப் போகாது, முதல்ல ஈரலுக்குப் போகும். ஈரல்தான் வாசல்ல நிக்கிற ஆள். உங்கட கேள்விக்குரிய முழுக் கதையும் இனி அங்கதான்.

ஒரு ஆள்ட முழு இரத்தத்திலயும் ஒரு நேரத்தில ஓடுற குளுக்கோஸ் எவ்வளவு தெரியுமா? நாலு அஞ்சு கிராம், ஒரு தேக்கரண்டி. மத்தியானம் 80 கிராம் உள்ள வருது, ஆனா இரத்தத்தில ஒரு தேக்கரண்டிக்குத்தான் இடம். அப்ப மிச்சத்த எங்கயாவது வைக்கோணும். சதையி இன்சுலின விடுது, இன்சுலின் வந்தா ஈரலும் தசையும் குளுக்கோஸ எடுத்துத் திரும்பவும் மாலையாக் கோத்து அடுக்கி வைக்கும். அரிசி எப்பிடி மாப்பொருளா வைக்குதோ அதே மாதிரி, ஆனா இன்னும் அடர்த்தியா, எட்டுப் பன்ரெண்டு வளையத்துக்கு ஒரு கிளை, அதுக்குப் பேர் கிளைக்கோஜன். ஈரல்ல 100 கிராம் அளவு, தசையில எல்லாமாச் சேத்து 400 கிராம் அளவு பிடிக்கும். தசையில இரிக்கிறது தசைக்கு மட்டும்தான். இரத்தத்துக்குள்ள உடோணும் எண்டா குளுக்கோஸில கொளுவி இரிக்கிற பொஸ்பேட்டக் கழட்டுற ஒரு நொதியம் வேணும், அது தசையில இல்ல, ஈரல்ல இரிக்கு. வயல்காரன் தன்ட வீட்டுக்கு எண்டு கட்டி வைக்கிற நெல்லு தச, ஊருக்கே அளந்து குடுக்கிற களஞ்சியம் ஈரல்.

ஈரல் சீனி உடும் எண்டத முதல்ல காட்டினவர் பிரான்ஸ்காரர் கிளோட் பேர்னாட். அப்பல்லாம் விலங்குட உடம்பு சீனி செய்யாது, செடிதான் செய்யும், நாங்க தின்னுறது மட்டும்தான் எண்டு எல்லாரும் நம்பின காலம். அவர் இறைச்சி மட்டும் குடுத்து வளத்த நாய்ட ஈரல்ல இருந்து வாற இரத்தத்திலயும் சீனியக் கண்டார். 1855ல ஒரு ஈரல எடுத்து அதுட இரத்தக் குழாய்க்குள்ள தண்ணியப் பாய்ச்சிக் கழுவினார், ஒரு துளி சீனியும் வராத அளவுக்கு. அப்பிடியே வெச்சிட்டு அடுத்த நாள் பாத்தார், திரும்ப சீனி இரிக்கு. ஒருத்தரும் அந்த ஈரலுக்குத் தீத்தல்ல. 1857ல அந்தச் சீனி எதில இருந்து வருது எண்டு கிளைக்கோஜனப் பிரிச்சி எடுத்தும் காட்டினார். உம்மாட கதைக்கு இத விட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஏன் ஈரல் ராவையில உடோணும்? உடாட்டி சாவுதான். மூளை ஒரு நாளைக்கு 120 கிராம் அளவு குளுக்கோஸ் கேக்கும், நித்திரையிலயும் கேக்கும். இரத்தச் சிவப்புக் கலங்களுக்கு வேற சாப்பாடே இல்ல. மத்தக் கலங்கள் குளுக்கோஸ முதல்ல பத்துப் படியில ரெண்டா உடைச்சி, பிறகு கலத்துக்குள்ள அடுப்பு மாதிரி இரிக்கிற இழைமணிக்குள்ள போட்டு, ஹான்ஸ் கிரெப்ஸ் 1937ல காட்டின வட்டத்தில சுத்தி, ஒட்சிசனோட முழுசா எரிச்சி எடுக்கும். ஒரு குளுக்கோஸுக்கு 30, 32 ஏரிபி (ATP, கலம் செலவழிக்கிற சக்திக் காசு) கிடைக்கும், நாங்க படிக்கிற காலத்தில 38 எண்டு பாடமாக்கினம், இப்ப கணக்குத் திருத்தியாச்சு. சிவப்புக் கலத்துக்கு இழைமணியும் இல்ல, அதனால முதல் பத்துப் படியோட நிண்டு, ரெண்டே ரெண்டு ஏரிபிய எடுத்துட்டு லக்டிக் அமிலத்த வெளிய தள்ளிடும்.

இத நான் புத்தகத்தில மட்டும் பாக்கல்ல. ஒரு நாள் என்ட இரத்தத்தையே எடுத்து ரெண்டு டியூப்ல விட்டன். ஒண்டு சாம்பல் மூடி போட்ட புளோரைட் டியூப், ஒண்டு வெறும் டியூப். வெறும் டியூப மேசையில வெச்சன், எங்கட வெக்கையில. எடுத்த உடன பாத்தது 98. மூண்டு மணித்தியாலம் கழிச்சி வெறும் டியூப்ல 81. ஒருத்தரும் தொடல்ல, மூடி திறக்கல்ல, உள்ளுக்கு இரிக்கிற கலங்கள் திண்டு முடிச்சதுதான் அந்தப் பதினேழு. மணித்தியாலத்துக்கு 5 இலிருந்து 7 வீதம் வரைக்கும் இப்பிடிக் குறையும். சாம்பல் மூடிக்குள்ள இரிக்கிற புளோரைட் அந்தப் பத்துப் படியில ஒன்பதாவது படியப் பூட்டி வைக்கும், ஆனா அதுக்கு முன்னால இரிக்கிற படிகள் நடந்துகொண்டுதான் இரிக்கும், அதனால முதல் ஒண்டு ரெண்டு மணித்தியாலம் சாம்பல் மூடியும் முழுசாக் காக்காது. ஒரு முற வெளி இடத்தில எடுத்து, வெறும் டியூப்ல போட்டு, வெயில்ல மோட்டார் சைக்கிள்ல கொண்டு வந்த இரத்தம் ஒண்டு எங்களுக்கு வந்திச்சி, சீனி வருத்தக்காரருக்கு நல்ல நம்பர் காட்டிச்சி, திருப்பி எடுத்துப் பாத்தா கதையே வேற. உம்மாட இரத்தத்த வெளியில குடுத்து சோதிக்கிறதெண்டா சாம்பல் மூடி டியூப்லயா எடுக்கிறாங்க, எவ்வளவு நேரத்தில லேபுக்குப் போகுது எண்டு தங்கச்சியக் கேக்கச் சொல்லுங்க.

இப்ப ராவுக் கணக்குக்கு வருவம். சாதாரண ஆள்ட ஈரல் வெறும் வயித்தில உடம்பு எடை ஒரு கிலோவுக்கு நிமிஷத்துக்கு 2 மில்லிகிராம் அளவு குளுக்கோஸ் உடும். உம்மா 60 கிலோ எண்டு வெச்சா மணிக்கு ஏழு கிராம், எட்டு மணித்தியாலத்துக்கு 57 கிராம் அளவு. பதினொரு தேக்கரண்டி சீனி. நல்ல சுகதேகியா இரிக்கிற உங்களுக்கும் எனக்கும் ஒவ்வொரு ராவும் இது நடக்குது, உடுறதும் எரியிறதும் சமன் எண்டபடியா நம்பர் அசையாது. இப்ப உம்மாட 131க்கும் 168க்கும் இடையில 37 வித்தியாசம். குளுக்கோஸ் இரத்தத்தில மட்டும் நிக்கிறல்ல, கலங்களச் சுத்தி இரிக்கிற தண்ணியிலயும் நிக்கும், எல்லாமா 12 லீற்றர் எண்டு வெச்சா அந்த 37க்குத் தேவையானது நாலர கிராம். ஒரு தேக்கரண்டி கூட நிரம்பாது. பதினொரு கரண்டி உடுற இடத்தில இன்னொரு கரண்டி கூடிப் போச்சு, அவ்வளவுதான் நடந்தது. இதுக்கு உம்மா எழும்பி அடுப்படிக்குப் போகத் தேவல்ல.

அந்த ஒரு கரண்டி ஏன் கூடுது? ஈரலுக்கு பிரேக் இன்சுலின். சீனி வருத்தத்தில, உம்மாட வகையில (டைப் 2), இன்சுலின் கொஞ்சம் வரும், ஆனா ஈரல் அதுட சொல்லக் கேக்கிறல்ல. களஞ்சியத்தில இரிக்கிறத உடுறதோட நிக்காம, தசையில இருந்து வாற லக்டிக் அமிலம், புரதம் உடைஞ்சி வாற அமினோ அமிலம், கொழுப்பு உடைஞ்சி வாற கிளிசரோல், இதெல்லாத்தையும் எடுத்துப் புதுசா குளுக்கோஸ் செய்யும். தசையில இருந்து லக்டிக் அமிலம் ஈரலுக்குப் போய் குளுக்கோஸாத் திரும்பி வாற அந்த வட்டத்தக் கண்டுபிடிச்சவங்க காள் கோரியும் அவர்ட மனிசி கேர்ட்டி கோரியும், 1947ல நோபல் கிடைச்சிச்சி, மருத்துவத்துக்கு அந்தப் பரிச வாங்கின முதல் பொம்பிள அவதான். இதோட விடியக்காலம் மூண்டு மணி தொடக்கம் உடம்பு எழும்பத் தயாராகும், கோட்டிசோல் ஏறும், ராவு முந்தியே ஏறின வளர்ச்சி ஹோமோன்ட வேலையும் சேரும், அதுகள் ஈரலப் பாத்து இன்னும் உடு எண்டு சொல்லும். எங்களுக்கு அந்த நேரம் இன்சுலினும் கொஞ்சம் ஏறி சரிக்கட்டிடும். உம்மாக்கு சரிக்கட்ட ஏலாது. படுக்கக்குள்ள நல்ல நம்பர், விடியக் கூடின நம்பர் எண்டு வாறதுக்கு இதுதான் ஆகப் பொதுவான காரணம்.

இதுவரைக்கும் சொன்னது உறுதியானது. இனிச் சொல்றதுல கொஞ்சம் பிரிச்சிப் பாக்கோணும். "ராவையில சீனி நல்லா விழுந்து, உடம்பு பயந்து திருப்பி ஏத்துறதாலதான் விடியக் கூடுது" எண்டு ஒரு விளக்கம் பழைய புத்தகங்கள்ல இரிக்கும், சொமொஜி எண்டவர்ட பேரில. நாள் முழுக்க அளக்கிற கருவி வந்த பிறகு பாத்த ஆய்வுகள் அத அவ்வளவா ஆதரிக்கல்ல, ராவு சீனி விழுந்தவங்கள்ல கூடுதலான ஆக்களுக்கு விடியவும் குறைவாத்தான் இரிந்திச்சி. ஆனாலும் உம்மா மெட்போமினோட, இன்சுலினக் கூட உட வைக்கிற கிளிக்லசைட் மாதிரிக் குளிசையோ ராவு இன்சுலினோ எடுக்கிறா எண்டா, ராவையில விழுகுதா எண்டு பாக்காம உடேலாது, அது ஆபத்து. மெட்போமின் ஈரல் உடுற குளுக்கோஸக் குறைக்கும் எண்டது நிச்சயம், எந்த வழியாக் குறைக்குது எண்டதுல ஆராய்ச்சிக்காரங்க இன்னும் வாதாடிக்கொண்டுதான் இரிக்காங்க, மருந்து வேல செய்யிறதுக்கும் அந்த வாதத்துக்கும் சம்பந்தமில்ல.

குத்திப் பாக்கிற மெஷினப் பத்தியும் சொல்லோணும். 100க்கு மேல போனா நல்ல மெஷினுக்கே 15 வீதம் அங்கால இங்கால போக அனுமதி இரிக்கு. அப்ப 131 எண்டு காட்டினது 150 ஆகவும் இரிக்கலாம், 168 எண்டது 145 ஆகவும் இரிக்கலாம். ஒரு நாள் நம்பர வெச்சி ஒரு முடிவும் எடுக்கேலாது, மூண்டு நாலு நாள் இதே மாதிரி வந்தாத்தான் அது உம்மாட உடம்பு சொல்றது. விரலையும் பாருங்க. மாம்பழமோ வாழைப்பழமோ உரிச்ச விரல்ல சீனி ஒட்டி இரிக்கும், ஸ்பிரிட் பஞ்சால துடைச்சாலும் முழுசாப் போகாது, தண்ணியில கழுவி நல்லாத் துடைச்சிட்டுத்தான் குத்தோணும். பேரப்பிள்ளைக்குப் பழம் உரிச்சிக் குடுத்த கையோட குத்தி 250 எண்டு பயந்து ஓடி வந்த ஆக்கள நான் கண்டிருக்கன்.

குரக்கனுக்கு வருவம். குரக்கனும் முக்காவாசி காபோஹைட்ரேட்தான், அதே குளுக்கோஸ் மாலதான். தவிடு நார் கூட இரிக்கு, கல்சியம் கூட இரிக்கு, அது நல்லம். ஆனா மாவா அரைச்சிக் கூழ் காய்ச்சினா நொதியத்துக்கு வேல லேசாயிடும், முழுத் தானியத்தில இரிக்கிற அந்த மெதுவு போயிடும். "குரக்கன் தானே" எண்டு ரெண்டு கோப்பைய நிரப்பினா சோத்த விடக் கூடவும் போகலாம். சிவப்பரிசி, புழுங்கல் அரிசி, அமிலோஸ் கூடின உதிர்ற அரிசி எல்லாம் ஒட்டுற பச்சையரிசிய விட மெதுவா ஏறும், இது பொதுவா உண்மை, ஆனா அரிசிக்கு அரிசி, அவிக்கிற விதத்துக்கு விதம் நிறைய மாறும். ஆறின சோறு, பழஞ்சோறு பத்தி இப்ப பெரிசாப் பேசுறாங்க. சோறு ஆறக்குள்ள அமிலோஸ் மாலைகள் ஒண்டோட ஒண்டு ஒட்டி இறுகும், நொதியத்தால வெட்டேலாத மாப்பொருளாக் கொஞ்சம் மாறும், அது உண்மை. ஆனா எவ்வளவு எண்டு பாத்தா கொஞ்சம்தான், பழஞ்சோறு எண்டு ஒரு அகப்ப கூடப் போட்டா அந்த லாபம் போயிடும். என்ட அனுபவத்தில அரிசிய மாத்தின வீட்ட விட அளவ மாத்தின வீட்டிலதான் ரிப்போட் இறங்கிச்சி. சோத்த ஒரு கோப்பையால அளந்து போட்டு, கோப்பைய ஒரு நாளும் மாத்தாம, மிச்ச இடத்த கீரை, கத்தரி, மீனால நிரப்புறது. கீரையையும் மீனையும் முதல்ல கொஞ்சம் தின்னுட்டு சோத்தத் தொட்டா ஏறுற வேகம் குறையும் எண்டும் ஆய்வுகள் இரிக்கு.

இதெல்லாம் தின்ன பிறகு ஏறுற சீனிக்கு. விடியக்கால நம்பர இறக்கிறதுக்கு சாப்பாட்டு மாத்தம் மட்டும் அவ்வளவு உதவாது, ஏனெண்டா அது ஈரல்ட வேல. ராச்சாப்பாட்ட ஒரேயடியா நிப்பாட்டினா விடிய இறங்கும் எண்டு சில பேர் பட்டினி கிடக்கிறாங்க, ஈரலுக்கு அது ஒரு தடையும் இல்ல, கிளிக்லசைட் மாதிரிக் குளிசை எடுக்கிற ஆளெண்டா ராவையில சீனி விழுந்து போகவும் ஏலும், உம்மாவ அப்பிடி உட வேணாம். நடக்கிறது உண்மையா உதவும். தசை சுருங்கக்குள்ள குளுக்கோஸுக்கு வாசல் திறக்கிற ஒரு புரதம் கலத்துக்குள்ள இருந்து மேல வரும், இன்சுலின் வந்து தட்டாமலே. இன்சுலின்ட சொல்லக் கேக்காத தசையிலயும் இந்த வழி திறந்துதான் இரிக்கு. மஃரிபு முடிய தின்னுட்டு, இஷாக்கு முன்னால வளவுக்குள்ள பதினைஞ்சு இருவது நிமிஷம் நடந்தாலும் காணும், முழங்கால் நோவு இல்லாட்டி.

இப்ப செய்யக்கூடியது இதுதான். தங்கச்சி மூண்டு நாள், அடுத்தடுத்து வேண்டாம், இடையில ஒரு நாள் விட்டு, படுக்கக்குள்ள, விடியக்காலம் மூண்டு மணிக்கு, எழும்பின உடன எண்டு மூண்டு நேரம் குத்தி எழுதோணும். மூண்டு மணிக்கு 70க்குக் கீழ வந்தா உடனே மூண்டு தேக்கரண்டி சீனி கரைச்சிக் குடுத்து, பதினைஞ்சு நிமிஷத்தில திருப்பிப் பாத்து, அடுத்த நாளே டொக்டர்ட்டப் போகோணும். மூண்டு மணிக்கு படுக்கிற நம்பரோட ஒட்டி இருந்து விடியிறதுக்குள்ள ஏறினா நான் சொன்ன விடியக்கால ஏத்தம். படுத்ததில இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கொண்டே வந்தா ஈரல் ராவு முழுக்கக் கூட உடுது, ராவைக்கு எடுக்கிற மருந்து காணாது எண்டு டொக்டர் யோசிப்பார். எச்பிஏ1சி டெஸ்டும் ஒருக்கா எடுங்க, அது சிவப்புக் கலத்தில இரிக்கிற ஹீமோகுளோபின்ல நொதியம் ஒண்டும் இல்லாமத் தானா ஒட்டின குளுக்கோஸ அளக்கிறது, கலம் 120 நாள் அளவு உயிரோட இரிக்கிறதால ரெண்டு மூண்டு மாசத்துக் கதையச் சொல்லும். உம்மாக்கு இரத்தச் சோக இரிக்கு எண்டா அத டொக்டர்ட்ட முன்கூட்டிச் சொல்லுங்க, இரும்புச்சத்துக் குறைவில அந்த நம்பர் உள்ளத விடக் கூடக் காட்டும், கலம் சீக்கிரம் அழியிற வருத்தத்தில குறையக் காட்டும்.

மூண்டு மணிக்கு எழும்பிக் குத்துறது தங்கச்சிக்கும் கஷ்டம்தான், ஆனா அந்த நேரம் அவ உம்மாக்குப் பக்கத்தில இரிப்பா, அடுப்படி இருட்டாக் கிடக்கும், நம்பர் ஏறிக்கொண்டிரிக்கும். அத அவ தன்ட கண்ணால காணட்டும். எழுதினத கிளினிக் கொப்பிக்குள்ள வெச்சி, அடுத்த கிளினிக்குக்கு உம்மாட கையிலயே குடுத்து அனுப்புங்க.